சிக்வென்தாவுக்குப் புதன்கிழமை போங்கள்

மாட்ரிட்டிலிருந்து வடகிழக்கே 130 கி.மீ. ஹெனாரெஸ் ஆற்றோரம் தொடங்கி, கதீட்ரல் வழியாக, உச்சியில் கோட்டை வரை ஒரே சரிவில் ஏறிக் கிடக்கிறது சிக்வென்தா. குவாதலஹாரா மாகாணத்தில் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரில் வசிப்பவர்கள் 5,000 பேருக்கும் குறைவு. சுற்றிலும் உள்ள கிராமங்களில் பலவற்றில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆள் இருக்கும். ஸ்பெயினின் உள்நாட்டில் ஆள் குறைந்துபோன நிலப்பரப்பு எப்படி இருக்கும் என்று பார்க்க, கார் இல்லாமலே ரயிலில் போய் இறங்கக்கூடிய நல்ல இடம் இது.

ஊர் பெயரிலிருந்தே தொடங்கலாம். ஸ்பெயினின் பெரும்பகுதியில் 'இசட்' எழுத்தும், 'இ', 'எ' ஒலிகளுக்கு முன் வரும் 'சி' எழுத்தும் ஸகரமாக ஒலிக்காது. நாக்கு நுனியைப் பல்லிடை வைத்துச் சொல்லும் ஒரு மெல்லிய தகரம் அது. ரயிலில் 'சிகுவென்ஸா' என்று அறிவிப்பார்கள் என்று காத்திருந்தால் ஊர் கடந்துபோய்விடும். 'சிக்வென்தா' என்றே காதில் விழும். பிளாஸா 'பிளாதா', கிராசியாஸ் 'கிராதியாஸ்'. இந்த ஒன்றைப் பழகிக்கொண்டால் பாதி அறிவிப்புகள் புரியத் தொடங்கும்.

இன்னொரு விஷயம், இதுதான் முக்கியம். சிக்வென்தா எப்போதும் அமைதியான ஊர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சனிக்கிழமை மதியம் அங்கே உட்கார நாற்காலி கிடைக்காது. அதே நாற்காலிகள் புதன்கிழமை காலையில் காலியாக வெயில் காயும். ஆகவே ஊரைத் தேர்வதோடு வேலை முடியவில்லை. கிழமையையும் மணியையும் தேர்ந்தாக வேண்டும்.

நாள் குறிப்பது

மாட்ரிட்காரர்களுக்கு இது ஒருநாள் பயண ஊர். வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் சனிக்கிழமைகளில், இடைக்கால வேடமிட்ட நடிகர்களோடு மாட்ரிட்டிலிருந்து 'ட்ரென் மெடியவால்' என்ற சுற்றுலா ரயிலும் வரும். அதில் வருபவர்கள் முற்பகலில் இறங்கி மாலையில் திரும்பிவிடுவார்கள். நீங்கள் சனிக்கிழமை அங்கே மாட்டிக்கொண்டால், காலை 11-க்கு முன்பும் மாலை 7-க்குப் பின்பும் ஊரைப் பாருங்கள்.

ஸ்பெயினின் தேசிய விடுமுறைகளைப் பார்த்தால் மட்டும் போதாது, மாட்ரிட்டின் விடுமுறைகளையும் பார்க்க வேண்டும். மே 2, மே 15, நவம்பர் 9 ஆகியவை மாட்ரிட்டில் மட்டும் விடுமுறை. சிக்வென்தா வேறு மாகாணம், அங்கே அன்று வேலை நாள்தான். ஆனால் கூட்டம் மாட்ரிட்டிலிருந்து வரும். இவை வியாழனிலோ செவ்வாயிலோ விழுந்தால் இடையில் உள்ள நாளையும் சேர்த்து 'புவென்தே', அதாவது பாலம், போட்டுவிடுவார்கள். டிசம்பர் 6, 8 இரண்டையும் சேர்த்து வரும் பாலம்தான் எல்லாவற்றிலும் நீளமானது. ஈஸ்டருக்கு முந்தைய வாரத்தையும் தவிர்த்துவிடுங்கள். ஜூலையில் இடைக்கால விழா, ஆகஸ்ட் நடுவில் சான் ரோக்கே திருவிழா. ஆகஸ்டில் நகரத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் எல்லாம் சொந்த ஊருக்குத் திரும்பி வந்திருக்கும். அது கலகலப்பான, நல்ல காலம்தான். அமைதி தேடுபவருக்கான காலம் அன்று.

அப்படியென்றால் திங்கட்கிழமை போகலாமே என்று தோன்றும். அங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். வார இறுதியில் உழைத்த உணவகங்கள் திங்களும், சில இடங்களில் செவ்வாயும் மூடியிருக்கும். ஞாயிறு இரவே பல அடுப்புகள் அணைந்துவிடும். அருங்காட்சியகங்களுக்கும் ஸ்பெயினில் பொதுவாகத் திங்கள்தான் விடுமுறை. ஆகச் சரியான கணக்கு இது: செவ்வாய் மாலை வந்து இறங்குங்கள், புதனும் வியாழனும் முழுதாகத் தங்குங்கள், வெள்ளி மதியச் சாப்பாடு முடித்துக் கிளம்புங்கள். மூன்று இரவு. ஒரே இரவு என்றால் புதன்.

மாதம் என்று கேட்டால், மே இரண்டாம் பாதி, ஜூன், செப்டம்பர் பின்பாதி, அக்டோபர். ஜூலை, ஆகஸ்டில் பகல் வெயில் 30 டிகிரியைத் தாண்டினாலும் இரவில் மேல்சட்டை தேவைப்படும். நவம்பர் முதல் மார்ச் வரை இரவில் பூச்சியத்துக்குக் கீழே போவது சாதாரணம். குளிரைத் தாங்குபவர்களுக்கு ஜனவரி மாதச் சிக்வென்தா தனி அழகு. ஆனால் பகல் வெளிச்சம் மாலை 6.30 அளவில் போய்விடும், சில விடுதிகள் அந்த மாதத்தில் மூடியே இருக்கும்.

ரயிலில் போவது எப்படி

மாட்ரிட் சமார்த்தின் நிலையத்திலிருந்து ரென்ஃபே நிறுவனத்தின் பிராந்திய ரயில்கள் சிக்வென்தாவுக்குப் போகின்றன. ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று முன்பின் ஆகும். ஒரு நாளைக்குச் சில ரயில்கள்தான், ஆகையால் மணியைப் பார்த்துவிட்டே விமான நிலையத்திலிருந்து கிளம்புங்கள். பராஹாஸ் விமான நிலையத்தின் 4-ஆம் முனையத்திலிருந்து செர்கானியாஸ் புறநகர் ரயில் நேராகச் சமார்த்தினுக்கே வருகிறது. 1, 2, 3-ஆம் முனையங்களில் இறங்கியவர்கள் இலவசப் பேருந்தில் 4-க்கு வந்து ஏறலாம். இல்லையென்றால் 8-ஆம் எண் மெட்ரோவில் நுவேவோஸ் மினிஸ்தேரியோஸ் வந்து 10-ஆம் எண்ணுக்கு மாறலாம்.

தவறு நடக்கும் இடங்கள் மூன்று.

முதலாவது, அதிவேக ரயிலான ஆவே இந்த ஊரில் நிற்காது. தேடும்போது 'குவாதலஹாரா-யேபெஸ்' என்று ஒரு நிலையம் வரும். மாகாணத் தலைநகரின் பெயர் இருக்கிறதே என்று அதற்குச் சீட்டு வாங்கினால், நகரத்துக்கு வெளியே வயல்வெளியில் இறங்கி நிற்பீர்கள். அங்கிருந்து சிக்வென்தாவுக்கு ரயில் இல்லை. குவாதலஹாரா நகருக்குள் இருக்கும் பழைய நிலையம் வேறு. பிராந்திய ரயில் நிற்பது அங்கேதான்.

இரண்டாவது, சமார்த்தின் அறிவிப்புப் பலகையில் சிக்வென்தா என்று பெரும்பாலும் இருக்காது. ரயில் கடைசியாகப் போய்ச்சேரும் ஊரின் பெயரைத்தான் போடுவார்கள். அது சோரியாவாக இருக்கலாம், வேறு ஊராகவும் இருக்கலாம். சீட்டில் உள்ள ரயில் எண்ணையும் புறப்படும் நேரத்தையும் வைத்துத் தேடுங்கள். நடைமேடை எண் புறப்படுவதற்குக் கொஞ்சம் முன்புதான் வரும்.

மூன்றாவது, திரும்பும் சீட்டை அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று விடுவது. ஞாயிறு மாலை ரயில் நிறைந்துவிடும், மாலைக்குப் பிறகு அடுத்த ரயிலும் இருக்காது. போகவர இரண்டையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

காரில் வருபவர்கள் ஏ-2 நெடுஞ்சாலையில் 104-ஆம் கிலோமீட்டர் வெளிவழியில் திரும்ப வேண்டும். இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்கட்டும். பழைய நகருக்குள் காரை நுழைக்காதீர்கள். தெருக்கள் குறுகல், திருப்ப இடம் இல்லை. கீழே அலமேதா பூங்காப் பக்கம் விட்டுவிட்டு நடப்பதே நல்லது. அந்தி நேரத்தில் கிராமச் சாலைகளில் மானும் காட்டுப்பன்றியும் குறுக்கே வரும். 90-இல் போகலாம் என்று பலகை சொன்னாலும் 70-க்கு மேல் வேண்டாம். பெட்ரோல் கால் டாங்கிக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

தங்குமிடம்

'ஓஸ்தால்' என்று பலகை கண்டால் பத்துப் பேர் ஒரே அறையில் படுக்கும் இளைஞர் விடுதி என்று ஒதுக்கிவிட வேண்டாம். அது குடும்பம் நடத்தும் சிறிய லாட்ஜ். தனி அறை, பெரும்பாலும் தனிக் குளியலறை, கீழே ஒரு பார். பணத்துக்கு ஏற்ற இடம். 'காசா ரூரல்' என்பது கிராம வீடு. அதில் இரண்டு வகை உண்டு. அறை அறையாக விடுவது ஒன்று, முழு வீட்டையும் மொத்தமாக விடுவது இன்னொன்று. பின்னதை இருவருக்காகப் பதிவு செய்தால் எட்டுப் பேருக்கான வாடகை கட்ட நேரும். பதிவு செய்யும்முன் இதைப் பாருங்கள். உச்சியில் உள்ள கோட்டையே அரசின் பரதோர் ஓட்டல். ஆயர்கள் நூற்றாண்டுக் கணக்கில் குடியிருந்த இடம். காஸ்தீல் அரசர் முதலாம் பெத்ரோ தன் மனைவி பிளாங்காவைச் சிறைவைத்ததும் இங்கேதான். வார நாளில் அங்கே அறை விலை இறங்கும். தங்காவிட்டாலும் உள்ளே போய்க் காபி குடிக்கலாம்.

சின்ன விடுதிகளில் 24 மணி நேர வரவேற்பறை கிடையாது. எந்த ரயிலில் வருகிறீர்கள் என்று முந்தின நாளே வாட்ஸப்பில் ஒரு வரி அனுப்பிவிடுங்கள். மதியம் 3-க்கும் 5-க்கும் இடையில் வந்தால் கதவு பூட்டியிருக்கலாம். பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள், அது சட்டம். 2024 டிசம்பர் முதல் வீட்டு முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், பணம் கட்டிய விதம் எல்லாம் பதிய வேண்டும் என்று ஆகிவிட்டதால் படிவம் நீளம். சந்தேகப்பட்டுக் கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அக்டோபருக்குப் பிறகு போனால் 'கலேஃபக்தியோன்' உண்டா, அதாவது அறையில் வெப்பமூட்டி உண்டா, எந்த நேரத்தில் ஓடும் என்று கேளுங்கள். கற்சுவர் வீடுகள் ஒருமுறை குளிர்ந்தால் சூடாக ஒரு நாள் பிடிக்கும்.

ஊரின் மணிக்கூறு

இங்கே சிரமப்படுபவர்களில் பத்தில் ஒன்பது பேர் மொழியால் சிரமப்படுவதில்லை, மணியால்தான். கடைகள் காலை 10 மணியளவில் திறந்து 2 மணிக்கு மூடும், மறுபடி 5 மணிக்குத் திறந்து 8, 8.30 வரை. சனி மதியத்தோடு வாரம் முடிந்தது. ஞாயிறு ரொட்டிக்கடையும் பாரும் தவிர மற்றவை அடைப்பு. கதீட்ரலும் மதியம் மூடும்.

சாப்பாடு மதியம் 2 மணிக்கு. 1.30-க்கு முன் கேட்டால் அடுப்பே மூட்டியிருக்க மாட்டார்கள். 3.30-க்கு மேல் போனால் 'கொதினா தெர்ராதா', சமையலறை மூடியாச்சு. இரவுச் சாப்பாடு 9 மணிக்கு. நடுவில், மாலை 4 முதல் 8.30 வரை, சூடான சாப்பாடு என்று ஒன்று கிடையாது. பாரில் கண்ணாடிப் பெட்டிக்குள் உருளைக்கிழங்கு ஆம்லெட் துண்டு இருக்கும், பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி செய்து தருவார்கள். அதோடு சரி. மதியம் 12-க்குச் சாப்பிட்டுப் பழகியவர்கள், குழந்தைகளோடு வருபவர்கள், மருந்து நேரம் உள்ளவர்கள் காலையிலேயே கடையில் பழம், தயிர், ரொட்டி வாங்கி அறையில் வைத்துக்கொள்ள வேண்டும். அதுவும் 2 மணிக்கு முன்.

3 முதல் 5 வரை தெருவில் ஆள் இருக்காது. ஊரே காலியாகிவிட்டதோ என்று தோன்றும். எல்லாரும் வீட்டுக்குள் சாப்பிட்டுச் சாய்ந்திருக்கிறார்கள். கல் பாவிய தெருவில் சக்கரப் பெட்டியைக் கடகடவென்று இழுத்துப் போக இது நேரமில்லை. மாலை 7 மணிக்கு அதே ஆட்கள் உடை மாற்றிக்கொண்டு அலமேதாவில் உலாவ வருவார்கள். 1804-இல் அமைத்த பூங்கா அது. நடைபாதை நீளத்துக்குப் போய், திரும்பி, மறுபடி போவார்கள். நீங்களும் சேர்ந்து நடங்கள். ஊரோடு பேச்சுக் கொடுக்க இதைவிட நல்ல நேரம் இல்லை.

பாருக்குள் நுழைந்தால் யாரையும் பார்க்காமல், அறைக்கே பொதுவாக, 'புவெனோஸ் தியாஸ்' என்று சொல்ல வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அது 'புவெனாஸ் தார்தெஸ்' ஆகும். பகல் 1 மணிக்கு இன்னும் காலைதான், ஏனென்றால் இன்னும் சாப்பிடவில்லை. கிளம்பும்போது 'அஸ்தா லுவெகோ'. இந்த வணக்கம் இல்லாமல் நேரே காபி கேட்பவருக்கும் காபி வரும், ஆனால் சிரிப்பு வராது. தெருவில் எதிரே வரும் முதியவருக்கும் இதே வணக்கம் சொல்லலாம். சொல்லாவிட்டால்தான் வித்தியாசமாகப் பார்ப்பார்கள்.

சாப்பாட்டு மேசையில்

வார நாள் மதியம் 'மெனு தெல் தியா' என்று கேளுங்கள். கரும்பலகையில் முதல் தட்டுக்கு மூன்று நான்கு, இரண்டாம் தட்டுக்கு மூன்று நான்கு எழுதியிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒன்று, கூட ரொட்டி, தண்ணீரோ ஒயினோ, இனிப்போ காபியோ. எல்லாம் சேர்த்து 15 யூரோவுக்குச் சற்று முன்பின் ஆகும். வார இறுதியில் இந்த மெனு இருக்காது, இருந்தாலும் விலை ஏறியிருக்கும். புதன்கிழமை போகச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த வட்டாரத்தின் பெருமை சூளையில் சுட்ட ஆட்டுக்குட்டி. சாப்பிடுபவர்கள் முந்தின நாளே சொல்லி வைத்தால்தான் நல்லதாகக் கிடைக்கும். மிகாஸ் என்ற வறுத்த ரொட்டித்தூள், பொரித்த பன்றி வார், பூண்டு சூப் எல்லாம் ஆடு மேய்ப்பவர்களின் குளிர்காலச் சாப்பாடு.

சைவக்காரர்கள் இங்கே கவனம். 'கார்னே' என்றால் அவர்களுக்கு இறைச்சித் துண்டம். பன்றித் தொடை உப்புக்கண்டமான ஹாமோன் அவர்கள் மனதில் அந்தக் கணக்கில் வருவதே இல்லை, அது ஒரு தாளிப்பு மாதிரி. 'இறைச்சி இல்லாமல்' என்று கேட்டு வாங்கிய பூண்டு சூப்பில் ஹாமோன் மிதக்கும். அவரைக்காய்ப் பொரியலில் இருக்கும், குரோக்கெத்தாவுக்குள் இருக்கும். கலவை சாலட் என்று கேட்டால் மேலே டின் சூரை மீன் வரும். பயறு, பீன்ஸ் குழம்புகளில் சோரிசோவும் இறைச்சிச் சாறும் நிச்சயம். யாரும் ஏமாற்றவில்லை, சொல்லின் எல்லை வேறு.

ஆகவே இப்படிச் சொல்லுங்கள்: 'நோ கோமோ கார்னே, நி ஹாமோன், நி பெஸ்காதோ, நி அத்தூன்.' இறைச்சி, ஹாமோன், மீன், சூரை எதுவும் சாப்பிட மாட்டேன் என்று பொருள். சந்தேகமான தட்டைக் காட்டி 'யேவா ஹாமோன்?' என்று கேளுங்கள். இரண்டாம் தட்டில் பெரும்பாலும் உங்களுக்கு எதுவும் இருக்காது. அதற்கு ஒரு வழி உண்டு: 'தோஸ் பிரிமெரோஸ்', இரண்டுமே முதல் தட்டிலிருந்து. இப்படிக் கேட்பது அங்கே வழக்கம்தான், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். முட்டை சாப்பிட்டால் கவலையே இல்லை. பிஸ்தோ என்ற தக்காளி-குடைமிளகாய்-சீமைச் சுரைக்காய் வதக்கல் மேல் பொரித்த முட்டை, காளான் போட்ட முட்டைப் பொடிமாஸ், உருளைக்கிழங்கு ஆம்லெட் எல்லாம் கிடைக்கும். அக்டோபரில் பைன் காட்டுக் காளான் வரும்போது அந்தப் பொடிமாஸை விட்டுவிடாதீர்கள். பால், முட்டை இரண்டும் தவிர்ப்பவர்கள் சமையலறை உள்ள வீடாக எடுத்துக்கொள்வதே நிம்மதி. காரம் தேடாதீர்கள், இல்லை. கையோடு ஒரு சிறு டப்பா மிளகாய்ப்பொடி எடுத்துப் போகலாம்.

பாரில் பீர், குளிர்பானம் எதைக் கேட்டாலும் கூடவே சிறு தட்டில் ஏதாவது இலவசமாக வரக்கூடும். அது பன்றி வாராக இருந்தால் 'அதெய்தூனாஸ்' என்று சொன்னால் ஆலிவ் காயாக மாற்றித் தருவார்கள். பணம் கடைசியில். கார்டு எங்கும் செல்லும் என்றாலும் 5, 10, 20 யூரோ நோட்டுகள் கையில் இருக்கட்டும். ஒரு காபிக்கு 50-ஐ நீட்டுவது அழகில்லை. டிப்ஸ் கட்டாயமில்லை, சில்லறையை விட்டு வந்தால் போதும்.

ஊருக்குள் ஒரு பகல்

ரயில் நிலையம் அடிவாரத்தில். அலமேதா ஐந்து நிமிடம், கதீட்ரல் பத்து நிமிடம், கோட்டை இருபது நிமிடம், எல்லாம் ஏற்றம். தேய்ந்த கல் பாவிய தெரு, மழை பெய்தால் வழுக்கும். பிடிமானமுள்ள காலணி அவசியம்.

காலையில் கதீட்ரல் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். பூசை நேரத்தில் சுற்றிப் பார்க்க விட மாட்டார்கள். 12-ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கியது. கோட்டை மாதிரி இருக்கிறதே என்று தோன்றினால், தோன்ற வேண்டியதுதான். 1124-இல் முஸ்லிம் ஆட்சியிடமிருந்து ஊரைப் பிடித்த பெர்னார்தோ என்ற ஆயர் காலத்து எல்லையூர் இது. உள்நாட்டுப் போர் தொடங்கிய 1936-இல் குடியரசுப் படையினர் இதற்குள் அடைந்துகொண்டார்கள், எதிர்த்தரப்பு பீரங்கியால் அடித்தது, அக்டோபரில் சரணடைந்தார்கள். சிதைந்த கட்டடத்தைப் பிறகு சீரமைத்தார்கள். வெளியே நின்று கோபுரச் சுவரைப் பாருங்கள், குண்டு கொத்திய பள்ளங்கள் இன்னும் இருக்கின்றன.

உள்ளே இரண்டு இடத்துக்கு நேரம் ஒதுக்குங்கள். ஒன்று டோன்தெல், அதாவது இளம்பிரபு, ஒருவனின் கல்லறை. 1486-இல் கிரனாதா போரில் 25 வயதில் இறந்த மார்த்தின் பாஸ்கெஸ் தே ஆர்தேயின் சிலை, அலபாஸ்டர் என்ற வெண்கல்லில் செதுக்கியது. அக்காலக் கல்லறைச் சிலைகள் கைகூப்பி மல்லாந்து கிடக்கும். இவனோ கவச உடையோடு முழங்கையை ஊன்றிச் சாய்ந்து, கால்மேல் கால் போட்டு, விரித்த புத்தகத்தை வாசித்துக்கொண்டிருக்கிறான். மார்பில் சிவப்புச் சந்தியாகோ சிலுவை. கால்மாட்டில் ஒரு பணியாள் சிறுவன் சோகமாக உட்கார்ந்திருக்கிறான். புத்தகத்தின் தாள்களை எப்படிச் செதுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். சனிக்கிழமை என்றால் பின்னால் வரிசை நெருக்கும். புதன்கிழமை அவனும் நீங்களும்தான்.

இன்னொன்று தலைகளின் திருவுடை அறை. அலோன்சோ தே கொவர்ருவியாஸ் வடிவமைத்த வளைகூரையில் 300-க்கும் மேற்பட்ட தலைகள், ஒவ்வொன்றும் வேறு முகம். கழுத்து வலிக்கும், சுவரோரம் சாய்ந்துகொள்ளுங்கள். எல் கிரேக்கோ வரைந்த ஓர் ஓவியமும் இந்தக் கதீட்ரலின் சொத்து.

பிறகு பிளாதா மயோர் தூண் வரிசை, அங்கிருந்து கால்யே மயோர் வழியே கோட்டை. இதற்கு விளக்கம் வேண்டாம், நடந்தால் தானாகத் தெரியும். இறங்கும்போது மட்டும் வந்த வழியே வராமல் திராவெசாஞா தெருக்கள் வழியாக வாருங்கள்.

துல்தே பள்ளத்தாக்கு

ஊருக்கு இருபுறமும் இரண்டு ஆறுகள். ஒன்றின் பெயர் துல்தே, இனிப்பு. மற்றொன்று சலாதோ, உப்பு. பெயர் சும்மா வைத்ததில்லை. சலாதோ ஓரத்து இமோன் உப்பளம் 1990-கள் வரை வேலை செய்தது. அத்தியென்தா போகும் சாலையில், ஊரிலிருந்து சுமார் 15 கி.மீ. சாலையோரமே நின்று பார்க்கலாம், இடியும் நிலையில் உள்ள பழைய கிட்டங்கிகளுக்குள் நுழைய வேண்டாம்.

துல்தே ஆறு சுண்ணாம்புப் பாறையை அறுத்து உண்டாக்கிய பள்ளத்தாக்கு பெலெக்ரினா கிராமத்தில் இருக்கிறது, ஊருக்குத் தெற்கே 7, 8 கி.மீ. நம்பக்கூடிய பேருந்து இல்லை. டாக்சிகளும் கைவிரலுக்குள் அடங்கும். ஆகவே முந்தின நாள் மாலையே விடுதிக்காரரிடம் சொல்லி டாக்சி பேசிவிடுங்கள், திரும்ப அழைத்துப்போக வரும் மணியையும் அப்போதே குறித்துவிடுங்கள். பள்ளத்தாக்குக்குள் செல்பேசிச் சிக்னல் போய்விடும், அங்கிருந்து கூப்பிட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

முதலில் சாலையோரக் காட்சிமேடையில் இறங்குங்கள். 1970-களில் தொலைக்காட்சி வழியே ஸ்பெயினுக்கு அதன் காட்டு விலங்குகளைக் காட்டிய ஃபெலிக்ஸ் ரோட்ரிகெஸ் தே லா ஃபுவென்தேயின் பெயரால் அமைந்தது. அவர் பல காட்சிகளை எடுத்தது இந்தப் பாறைகளில்தான். காலை 10-க்கு மேல் வெயிலில் காற்று சூடேறத் தொடங்கும்போதுதான் கழுகு மாதிரிப் பெரிய கிரிஃபன் பிணந்தின்னிகள் எழும்பும். அதற்கு முன் போனால் பாறையில் வெள்ளை எச்சக் கோடுகளை மட்டும் பார்த்து வர வேண்டியதுதான். இறக்கை விரித்தால் இரண்டரை மீட்டர், கண்ணுக்கு நேர் மட்டத்தில் வட்டமிடும். அருவி மழைக்குப் பிறகுதான் விழும், கோடையில் வெறும் கறைதான்.

பின் கிராமத்திலிருந்து கீழே இறங்கி ஆற்றோரப் பாதையில் ஒரு சுற்று, சுமார் 4 கி.மீ., நிதானமாக ஒன்றரை முதல் இரண்டு மணி. தலைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பி. வழியில் ஊற்றுக் குழாய் கண்டால் பலகையைப் படியுங்கள். 'நோ போதாப்லே' என்றிருந்தால் குடிக்கக் கூடாது. ஊருக்குள் குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். கிராமத்தில் பார் திறந்திருக்கும் என்று நம்பி வெறுங்கையோடு போகாதீர்கள். தேவாலயம் பூட்டியிருந்தால் கடந்துபோகும் யாரிடமாவது 'கியென் தியெனே லா யாவே?' என்று கேளுங்கள், சாவி யாரிடம் என்று பொருள். இத்தகைய கிராமங்களில் சாவி பக்கத்து வீடொன்றில் இருப்பது உண்டு. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பாட்டியைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

மூன்று எச்சரிக்கைகள். ஆட்டு மந்தை எதிர்ப்பட்டால் அதோடு மாஸ்தின் என்ற கன்றுக்குட்டி அளவு நாய் இருக்கும். ஓடாமல், கல் எடுக்காமல், மந்தையை விட்டுப் பெரிய வட்டமாக விலகிப் போங்கள். அக்டோபர் முதல் பிப்ரவரி வரை வேட்டைக் காலம். பாதையில் 'பத்தீதா' என்ற பலகை நட்டிருந்தால் அன்று அந்தப் பக்கம் துப்பாக்கி நடமாட்டம், திரும்பிவிடுங்கள். ஊரையொட்டிய பைன் காட்டில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கம்பளிப்பூச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோடு போட்டுத் தரையில் ஊர்ந்து போகும். பார்க்க வேடிக்கையாக இருக்கும். அதன் முடி காற்றில் வந்து பட்டாலே தோலும் கண்ணும் எரியும். குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள்.

கைவசம் இருக்க வேண்டியவை

அவசர எண் 112. மருந்துக்கடை பச்சைச் சிலுவை. மூடியிருந்தால் அன்று எந்தக் கடை முறைப்படி திறந்திருக்கிறது என்று கதவில் ஒட்டியிருப்பார்கள். ஆங்கிலம் பேசுபவர் அரிது, ஆகவே மொழிபெயர்ப்புச் செயலியில் ஸ்பானிஷை இணையமின்றி இயங்கும்படி முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். ஷெங்கன் விசாவுக்குக் கேட்கும் 30,000 யூரோ பயணக் காப்பீட்டின் நகலைச் செல்பேசியிலும் தாளிலும் வைத்திருங்கள். கொண்டுவர ஏதாவது வாங்க நினைத்தால் அல்கார்ரியா தேன், இந்த மாகாணத்துச் சரக்கு. விமானத்தில் கைப்பையில் விட மாட்டார்கள், பெட்டிக்குள் துணியில் சுற்றி வையுங்கள்.

வெள்ளிக்கிழமை கிளம்பும்போது அறையைப் பெரும்பாலும் 12 மணிக்குள் காலி செய்யச் சொல்வார்கள். பெட்டியை விடுதியிலேயே வைத்துவிட்டு 2 மணிக்குச் சாப்பிட உட்காரலாம், கேட்டால் மறுக்க மாட்டார்கள். ஆனால் 4 மணிக்கு அங்கே ஆள் இருப்பாரா என்று முதலிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். பூட்டிய கதவுக்குள் பெட்டி இருக்க, ரயில் போய்விடும். நிலையத்துக்கு இறக்கம்தான், பத்து நிமிடம் போதும். மாலையில் மாட்ரிட்டிலிருந்து வரும் ரயில் வந்து வார இறுதி ஆட்களை இறக்கும் முன், உங்கள் ரயிலைப் பிடித்துவிடுங்கள்.